மாநிறத்தில் ஒளியும் ரோசேசியா

ரோசேசியா என்பது முகம் சிவந்து, எரிந்து, கொப்புளங்கள் கிளம்பும் நாள்பட்ட தோல் நோய். நான் படித்த தோல் மருத்துவப் பாடநூல்களில் அதன் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில்தான் இருந்தன. கன்னமும் மூக்கும் செம்பருத்தி நிறத்தில் இருக்கும். பார்த்தவுடன் நோய் தெரிந்துவிடும். மதுரையில் புறநோயாளிகளைப் பார்க்கும் எனக்கு அந்தப் படங்கள் அதிகம் உதவியதில்லை. நம் நிறத்தில் அந்தச் சிவப்பு உள்ளே ஒளிந்துகொள்கிறது. முகம் சற்றுக் கறுத்தது போலவோ பருக்கள் வந்தது போலவோதான் தோன்றும். வருகிறவர்களும் சிவப்பைப் பற்றிச் சொல்வதில்லை. முகம் காந்துகிறது, சோப்புப் போட்டால் எரிகிறது, வெயிலில் போய் வந்தால் தகிக்கிறது என்பார்கள்.

அதனால் கண்ணை நம்புவதைவிடக் கேள்விகளை நம்பப் பழகினேன். கேட்டு முடித்ததும் கன்னத்தில் ஒரு சிறு கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்திப் பார்ப்பேன். அழுத்தும்போது வெளுத்து, எடுத்ததும் நிறம் திரும்பினால், விரிந்த இரத்த நாளங்கள் அங்கே இருக்கின்றன. கொப்புளங்கள் இருந்தும் கரும்புள்ளிகள் இல்லையென்றால், வயது முப்பதைத் தாண்டியிருந்தால், சாதாரணப் பரு என்ற எண்ணத்தைத் தள்ளி வைக்கிறேன்.

இவர்களில் பலரது கைப்பையில் ஒரு களிம்புக் குழாய் இருக்கும். மங்கு மறையும், நிறம் கூடும் என்று யாரோ சொல்லி மருந்துக் கடையில் வாங்கியது. உள்ளே இருப்பது ஸ்டீராய்டு. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை, மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய அட்டவணையில் சேர்த்தது. இருந்தும் அவை கேட்டவருக்குக் கிடைக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் முகம் பளபளக்கும். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, நாளங்கள் விரிந்து, ரோசேசியாவைப் போலவே கொப்புளங்கள் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல் இரண்டு மடங்காகும். நிறுத்திய முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், அவர்கள் மறுபடியும் அந்தக் குழாயையே திறப்பார்கள். மருந்து எழுதுவதைவிட இதைச் சொல்வதற்கு நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

வெயில், அனல், சூடான பானம், காரம், மது, மனஅழுத்தம் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். விடிவதற்கு முன்பே இட்லிக் கொப்பரை முன் நிற்கும் ஒரு பெண்மணியிடம் அதை அப்படியே எப்படிச் சொல்வது? அனல்தான் அவருக்குச் சோறு. அவரிடம் அடுப்படியைப் பற்றிக் கேட்டேன். மூடியை முகத்துக்கு எதிர்ப்புறமாகத் திறப்பது, தீயில் படாதபடி மின்விசிறியைப் பக்கவாட்டில் வைப்பது, கழுத்தில் ஈரத்துண்டு, தேநீரை ஆறவிட்டுக் குடிப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். ஸ்க்ரப்பும் எலுமிச்சைச் சாறும் முகத்தின் பக்கமே வரக் கூடாது என்றேன். வெள்ளையாகப் படியும் சன்ஸ்கிரீனை நம் நிறத்தவர்கள் இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள். அதனால் நிறம் சேர்த்த வகையைச் சொல்கிறேன். வாங்க இயலாதவருக்குக் குடையும் முந்தானையும்.

மருந்துகளில் மெட்ரோனிடசோல் ஜெல், தோலில் வாழும் டெமோடெக்ஸ் என்னும் நுண்பேன்களைக் குறைக்கும் ஐவர்மெக்டின் களிம்பு ஆகியவை உண்டு. அசெலாயிக் அமிலம் கரும்தழும்பையும் மங்கச் செய்வதால் நம் தோலுக்கு எனக்குப் பிடித்தது. கொப்புளம் அதிகமானால் டாக்ஸிசைக்ளின், கர்ப்பிணிகளுக்கு அல்லாமல். பலன் தெரியச் சில வாரங்களாவது ஆகும். முழுதாகத் தீராத நோய் இது, அடக்கி வைக்கலாம். இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

இந்த நோயால் ஆண்கள் சிலருக்கு மூக்கு தடித்துப் போகும். ஊர் உடனே குடிகாரர் என்று பேசும். ஒரு துளி மதுவும் தொடாதவர்களுக்கும் இது வருகிறது. அப்படி ஒருவர் வந்தால், உடன் வந்த உறவினர்களை உள்ளே அழைத்து அவர்கள் முன்னிலையிலேயே அதைச் சொல்கிறேன்.

கண்ணைப் பற்றியும் கேட்க வேண்டும். மணல் விழுந்த உறுத்தல், அடிக்கடி கண்கட்டி, இமையோரச் சிவப்பு இவையெல்லாம் இதே நோயின் பகுதியாக இருக்கலாம். முகத்தில் எதுவும் தெரிவதற்கு முன்பேகூட வரலாம். கவனிக்காமல் விட்டால் கருவிழி பாதிக்கப்படும். வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது, பார்வை மங்குகிறது என்று சொன்னால், களிம்பு எழுதும் முன்பே கண் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.