ஆஸ்திரேலியாவில் கல்யாணம் பதிகிற செலப்ரன்ட் ஆவதற்கு

ஐயர் மந்திரம் ஓதி, தாலி ஏறி, அறுகரிசி தூவி முடிந்தாலும், அந்த ஐயர் சட்டப்படி பதிவு பெற்றவராக இல்லாவிட்டால் ஆஸ்திரேலியச் சட்டத்தில் அது கல்யாணம் ஆகாது. அதனால்தான் நம்மவர்களில் தமிழ் தெரிந்த செலப்ரன்ட்கள், அதாவது சட்டப்படி கல்யாணம் நடத்திவைக்கப் பதிவு பெற்றவர்கள், இன்னும் பலர் வேண்டும்.

1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவர் செலப்ரன்சியில் நான்காம் நிலைச் சான்றிதழ்ப் படிப்பை முடித்து, மத்திய அரசின் சட்டத்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் திரும்பக் கிடைக்காது. குற்றப் பதிவு, சமூகத்தில் நற்பெயர், சட்ட அறிவு எல்லாம் பார்ப்பார்கள். நம்மவர்கள் பலர் யோசிக்காமல் விடுவது தொழில் சம்பந்தம். மணவறை அலங்காரம், கேட்டரிங், மண்டபம், விசா முகவர் வேலை என்று ஏதாவது வைத்திருப்பவர் செலப்ரன்ட் ஆனால் அந்தத் தொழிலுக்கு ஆதாயம் வருமா, நலன்கள் முட்டுமா என்று சட்டமே கேட்கிறது. மறைக்காமல் எழுதுங்கள். பதிவு கிடைத்த பிறகும் ஆண்டுக் கட்டணத்தைத் தவறவிட்டால் பதிவு போய்விடும்.

வேலையின் ஆணிவேர் 'நோயிம்' என்று எல்லோரும் சொல்லும் திருமண அறிவித்தல் படிவம். கல்யாணத்துக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன், அதிகம் போனால் 18 மாதத்துக்கு முன், அது செலப்ரன்ட் கையில் இருக்க வேண்டும். முகூர்த்தம் குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்துவிட்டு மூன்று வாரம் இருக்கையில் கூப்பிடுவார்கள். காலத்தைக் குறைக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி மட்டுமே, விதிகளில் உள்ள காரணங்களுக்காகக் குறைக்கலாம்.

அந்தப் படிவத்தில் பெயர்தான் பெரிய தலைவலி. கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும், பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பெற்றோரின் முழுப்பெயரும், தாயின் பிறப்புப் பெயரும் கேட்பார்கள். எழுத்துக்கு எழுத்து ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு மணமானவரென்றால் விவாகரத்து ஆணையோ இறப்புச் சான்றிதழோ பார்த்தாக வேண்டும்.

விசாவுக்காக ஊரிலேயே பதிவுக் கல்யாணம் முடித்துவிட்டு, இங்கே பெரிய கல்யாணம் வைப்பவர்களும் உண்டு. அந்தப் பதிவு அங்கே செல்லுபடியானதென்றால் இங்கே மறுபடி சட்டக் கல்யாணம் நடத்தவே கூடாது. தாலிகட்டு தாராளமாக நடக்கட்டும். சான்றிதழில் மட்டும் கை வைக்காதீர்கள்.

2024 ஜூன் முதல், பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே சந்தித்து, சம்மதம் மனதார வந்ததா என்று உறுதி செய்வது கட்டாயம். அம்மா பக்கத்து நாற்காலியில் இருக்கையில் பெண் உண்மையைச் சொல்ல மாட்டாள். கதவைச் சாத்திவிட்டுப் பேசுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது.

கல்யாண நாளில், தடை ஏதுமில்லை என்ற உறுதிமொழியில் இருவரும் முன்கூட்டியே கையெழுத்திட்டிருக்க வேண்டும். மேடையில், உங்களுக்குள்ள அதிகாரத்தையும் திருமணத்துக்குச் சட்டம் தரும் வரையறையையும் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும்; ஐயரிடம் விடக்கூடாது. பிறகு 18 வயது தாண்டிய இரு சாட்சிகள் கேட்க, மணமக்கள் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும். கெட்டிமேளத்துக்கு நடுவே இது எடுபடாது. மாலை மாற்றி முடிந்து, அறுகரிசிக்கு வரிசை நிற்குமுன் மேளகாரரை நிறுத்தச் சொல்லி, மைக்கைக் கையில் வாங்குங்கள். பத்து நிமிடம் போதும். சாட்சிக்கு வந்த வெள்ளைக்கார நண்பருக்குத் தமிழ் தெரியாதென்றால் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும்.

கையெழுத்துகள் ஆனதும், அங்கேயே தம்பதிக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பீர்கள். கடவுச்சீட்டில் பெயர் மாற்ற அது உதவாது, மாநிலப் பிறப்பு இறப்புப் பதிவகத்தின் சான்றிதழ்தான் வேண்டும் என்று அன்றே சொல்லிவிடுங்கள். மற்றத் தாள்களை 14 நாளுக்குள் அந்தப் பதிவகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.