அலைத்தாளில் செய்த பைகள்: புதுச்சேரி முதல் தரங்கம்பாடி வரை

புதுச்சேரிக்குப் புறப்படும் முன்பே என் ஜங்க் ஜர்னலின், அதாவது பழைய தாள்களைத் தைத்துக் கையாலேயே செய்யும் குறிப்பேட்டின், உடல் தயாராகிவிட்டது. பழைய கணக்குப் பேரேட்டுத் தாள்கள், பழுப்பு அஞ்சல் உறைகள், தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் தாள்கள் ஆகியவற்றைக் கலந்து மடித்து, மடிப்பின் நடுவே மூன்று துளைகள் இட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்திருந்தேன். சீட்டுகளையும் ரசீதுகளையும் செருகிவைக்கப் பக்கங்களில் ஒட்டும் பைகளை மட்டும் செய்யாமல் விட்டிருந்தேன். கடலை மையமாகக் கொண்ட ஜர்னல் என்றவுடன் நங்கூரமும் டால்பினும் அச்சிட்ட ஸ்டிக்கர்களைக் கடையில் வாங்கி ஒட்டிவிடலாம். ஆனால் அப்படி வரும் கடல் எந்தக் கரைக்கும் உரியதன்று. எனக்கு வேண்டியது சோழமண்டலக் கரை. ஆகவே அந்தக் கரையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, வழியிலேயே பைகளைச் செய்வது என்று முடிவு செய்திருந்தேன்.

பயண ஜர்னலுக்குப் பைகள் வெறும் அழகுக்காக அல்ல. இன்று பேருந்தில் நடத்துநர் தரும் சீட்டும் பெரும்பாலான கடைகளின் ரசீதும் வெப்பத்தாளில் அச்சாகின்றன. வெப்பம் பட்டால் கறுப்பதும், வெளிச்சத்தில் நாளடைவில் வெளுப்பதும் அந்தத் தாளின் இயல்பு. சில பசைகள் பட்டாலும் எழுத்து கெடும்; சிலவகை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும், அந்த உறையில் கலந்துள்ள வேதிப்பொருள் எழுத்தை மங்கச் செய்யும். பசையே படாமல், இருட்டில், காகிதத்துக்குள் இருப்பதுதான் அதற்கு நல்லது. ஒட்டிய சீட்டு ஓவியமாகிவிடுகிறது. பையில் இருக்கும் சீட்டை எடுத்துத் திருப்பி, பின்புறம் கிறுக்கிய குறிப்பையும் படிக்கலாம்.

புதுச்சேரி எஸ்.வி. பட்டேல் சாலையில் உள்ள ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பருத்தித் துணிக்கழிவைக் கூழாக்கிச் செய்யும் தாள்கள் அங்கே விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் என்னை நெடுநேரம் நிற்கவைத்தவை சலவைக்கல் போல் நிறம் சுழலும் மார்பிள் தாள்கள். தொட்டியில் உள்ள கெட்டித்த நீரின் மேல் நிறங்களைத் தெளித்து, சீப்பு போன்ற கருவியால் கோதி, தாளை அதன்மேல் படியவைத்து எடுத்தால் நீர்ப்பரப்பில் இருந்த வடிவம் முழுவதும் தாளுக்கு வந்துவிடும். அடுத்த தாளில் அதே வடிவம் வராது. நீரைக் கெட்டிப்படுத்த மரபாகப் பயன்படும் பொருள்களுள் ஒன்று கராஜீனன். அது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. பாக் நீரிணைக் கரையில் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியும் பெரும்பாலும் கராஜீனன் எடுப்பதற்கே பயன்படுகிறது. தாளின் மேல் அலையை வரையும் கலையில் கடலுக்கும் இப்படி ஒரு பங்கு இருப்பதை எண்ணி மகிழ்ந்தபடியே நீலம், பச்சை, சாம்பல் ஆகிய நிறங்களில் தாள்களைத் தேர்ந்தெடுத்தேன்.

முதற்பையை அன்று மாலை விடுதி அறையிலேயே செய்தேன். ஜர்னலின் பக்கம் 15 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் கொண்டது. 12, 9, 6 செ.மீ. உயரங்களில் மூன்று மார்பிள் பட்டைகளை எடுத்துக்கொண்டேன். மேல்விளிம்பைக் கத்தரிக்கவில்லை. ஈரத்தூரிகையால் அலைபோல் வளைந்த கோடு ஒன்றை இழுத்து, நீர் ஊறியதும் அந்தக் கோட்டின் வழியே மெல்லப் பிரித்தால் பருத்தி இழைகள் நீண்டு வெளிவந்து விளிம்பு நுரைபோல் நிற்கும். சாதாரண ஆலைத்தாளின் இழைகள் குட்டையானவை. அதில் இந்த நுரை வராது. உயரமான பட்டையைப் பின்னாலும் குட்டையானதை முன்னாலும் வைத்து, இரு பக்கங்களிலும் அடியிலும் மட்டும் அரை செ.மீ. அகலத்துக்குப் பசையிட்டால் மூன்று அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவதுபோன்ற அடுக்குப்பை கிடைக்கும். அடர்நீலம் பின்னால் இருக்க வேண்டும். கரையை நோக்கி வர வர நிறம் வெளிற வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றினால் பக்கம் தட்டையாகத் தெரிகிறது.

மறுநாள் காலை கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடிக்குச் சென்றேன். ஏறத்தாழ 120 கி.மீ. தூரம். சீட்டுகள் சேர்ந்தன, வேறு சொல்ல அதிகமில்லை.

தரங்கம்பாடி என்றால் பலருக்கு 1620இல் டேனியர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டையே நினைவுக்கு வரும். காகிதத்தோடு பழகும் ஒருவருக்கோ இந்த ஊர் வேறு காரணத்துக்காகவும் முக்கியமானது. 1706இல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இங்கேயே அச்சாகி முடிந்தது. அச்சுப்பணிக்குக் காகிதம் போதாமல், அருகிலுள்ள பொறையாறில் காகிதப் பட்டறை ஒன்றையே அமைத்தார்கள். அந்தப் பொறையாறில், பழைய பேப்பர் கடை ஒன்றின் குவியலில் கிழிந்த பள்ளி நிலவரைபட நூல் ஒன்று கிடைத்தது. வங்காள விரிகுடா உள்ள பக்கத்தை உறையாக மடித்தேன். கரைக்கோடு உறையின் உடலிலும், கடலின் வெற்று நீலம் மூடியிலும் வருமாறு மடித்ததால், மூடியைத் திறக்கும்போது கடல் விலகிக் கரை தெரிகிறது. கோட்டையின் நுழைவுச்சீட்டு இப்போது அதற்குள்தான் இருக்கிறது.

கடற்கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், “ஐயா, இந்த அறுந்த துண்டுகள் வேண்டாம் என்றால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன். “இத வெச்சு என்னம்மா பண்ணப் போற?” என்றார். ஜர்னலைக் காட்டினேன். அலைப்பையின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பச்சை நைலான் வலைத்துண்டு ஒன்றையும் கண்ணி சிறிதாக உள்ள இன்னொன்றையும் தேர்ந்து தந்தார். கழித்த வலை மணலிலோ கடலிலோ கிடந்தால் பங்குனி ஆமைகளுக்குப் பொறியாகிவிடும் என்பதால், அவற்றை எடுத்து வந்ததில் எனக்கு மனநிறைவே. நைலானைப் பசை பிடிக்காது. ஆகவே வலையைப் பக்கத்தின் மேல் விரித்து, மூன்று ஓரங்களிலும் ஊசிநூலால் தைத்து, பின்புறத் தையலை மறைக்க மற்றொரு தாளை ஒட்டினேன். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பை இது. மங்காத பொருள்களை, குறிப்பாகப் படங்களை, இதில் வைக்கலாம்.

கிளிஞ்சல்களை நான் எடுத்து வருவதில்லை. பவளங்களையும் சில சங்கினங்களையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. மற்ற வெற்றுச் சங்குகளும் துறவி நண்டுகளுக்கு வீடு. அங்கேயே அமர்ந்து, கிளிஞ்சலின் மேல் மெல்லிய தாளை வைத்து மெழுகு வண்ணக்கோலைச் சாய்த்துத் தேய்த்தால் அதன் வரிகள் அனைத்தும் தாளில் ஏறிவிடும். கிளிஞ்சல் கரையிலேயே இருக்கிறது. அந்தத் தேய்ப்புத் தாள்களை முக்கோணமாக வெட்டி, எதிரெதிர் இரு பக்கங்களின் மூலைகளில் பைகளாக ஒட்டினேன். வடக்கு மூலையில் வாடை, கிழக்கில் கொண்டல், தெற்கில் சோழகம், மேற்கில் கச்சான் என்று காற்றுகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையைச் செருகினேன். அந்த அட்டைகளில் எழுதுவதற்கு இன்னும் பல பயணங்கள் இருக்கின்றன.

கடற்கரையில் பசை வேலை செய்பவர்கள் ஈரப்பதத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்; பசை மெதுவாகவே காயும்; நீர்ப்பசையை அதிகம் தடவினால் மெல்லிய தாள் நெளிந்துவிடும். மெல்லிய தாளுக்குப் பசைக்குச்சியும் கைக்காகிதத்துக்கு வெள்ளைப் பசையும் ஏற்றவை. ஒட்டிய பையின் உள்ளேயும் மேலேயும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான நூல்களின் அடியில் ஓர் இரவு விட வேண்டும். மைதாப் பசையை விரும்புவோர் புத்தகம் கட்டுபவர்கள் செய்வதுபோல் சிறிது மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. ஆனால் அது நச்சு என்பதால் சிறுவர்களுடன் சேர்ந்து செய்யும்போது அதைத் தவிர்ப்பது நல்லது.

பைகள் நிரம்ப நிரம்ப ஜர்னலின் வாய்ப்புறம் விரிந்துகொண்டே போகும். இதற்காகவே முதுகு அட்டையை, வெற்றுத் தாள்களின் பருமனைப்போல் இருமடங்குக்கும் மேலான அகலத்தில் வெட்டியிருந்தேன். தடித்த பொருள் போகும் பைகளுக்குப் பக்கவாட்டில் விசிறிபோல் ஒரு மடிப்பு கொடுத்தால் பக்கம் இழுபடாது. ஒரே இடத்தில் தடிப்பு சேராமல் இருக்க, ஒரு பக்கத்தில் மேலே பை வைத்தால் அடுத்த பக்கத்தில் கீழே வைக்க வேண்டும். வலைப்பையை நடுத்தாளில் தைத்ததற்கும் இதுவே காரணம்: புத்தகத்தின் இரு பாதிகளும் அதன் தடிப்பைச் சமமாகத் தாங்குகின்றன.