சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் மழை மாதங்கள்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் வீடியோ கோலில் பனி காட்டத் தொடங்கியதும், கொழும்பு வீடுகளிலும் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து கம்பளித் தொப்பி வெளியே வந்துவிடும். 'பிள்ளைக்குப் பனி பிடிக்கும்' என்று அம்மம்மா ஒரு சொல் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் இங்கே தை மாத விடியலில்கூட வெப்பநிலை 22 பாகையை ஒட்டித்தான் நிற்கும். மத்தியானம் 30ஐத் தாண்டிவிடும். பிள்ளையைப் படுத்துவது ஈரம். காயாத துவாய், பூஞ்சணம் பிடித்த மெத்தை, கழுத்து மடிப்பில் வேர்க்குரு, பூச்சட்டித் தட்டில் நுளம்பு என்று எதை எடுத்தாலும் அடியில் தண்ணீர்தான். வீட்டை உலர்வாக வைத்திருந்தால் கதகதப்பு தானாக வரும்.

முதலில் மழையின் நேரத்தைப் படிக்க வேண்டும். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்கள். கொழும்பில் ஆண்டிலேயே கூடுதலாக மழை கொட்டுகிற மாதங்களில் இவையும் அடக்கம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால் இரவு பகலாகப் பெய்யும். அது இல்லாத நாட்களில் காலை வெயில், பின்னேரம் இடிமுழக்கத்தோடு மழை என்பதுதான் வழமை. டிசம்பர் பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று நிலைத்துவிட்டால் பெருமழை மட்டக்களப்புப் பக்கம் போய்விடும். கொழும்பில் விடியற்காலையில் குளிர்ச்சியும் பகலில் நல்ல வெயிலும் இருக்கும். ஆகவே ஒக்டோபர், நவம்பரில் உடுப்பை இரவே மெஷினில் போட்டு முடித்து, காலை ஏழு மணிக்கு முன்னர் கொடியில் விரித்து, ஒரு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் பின்னேரம் வந்து தோய்த்து விரிப்பது மழைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போலத்தான். டிசம்பரில் நேரத்துக்கு அவ்வளவு கணக்குப் பார்க்கத் தேவையில்லை. இரவில் மட்டும் வெளியே விடாதீர்கள், பனி இறங்கிக் காய்ந்த உடுப்பையும் நனைத்துவிடும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பிளாட்டில் இருப்பவர்களுக்கு முற்றம் ஏது? பல்கனியில் ஒரு மடிப்புக் கொடி, மழை வந்தால் அதுவும் ஹோலுக்குள். உள்ளே காயவைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தோய்த்து முடிந்ததும் ஸ்பின்னை மட்டும் இன்னொரு தடவை ஓட்டுங்கள். அந்த ஐந்தாறு நிமிடம் கொடியில் பல மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கும். உடுப்புக்கு உடுப்பு நாலு விரல் இடைவெளி விட்டு, காற்சட்டைப் பையை வெளியே இழுத்து, துவாயை இரண்டாக மடிக்காமல் ஒரு ஓரத்தில் கிளிப் குத்தி முழு நீளமாகத் தொங்கவிட வேண்டும். சீலிங் ஃபேனுக்குக் கீழே கொடியை நிறுத்துவதுதான் எல்லாரும் செய்வது. அது மேல்விளிம்பை மட்டும் காயவைக்கும். தண்ணீர் இறங்கி நிற்பது கீழ்மடிப்பில். நிற்கும் ஃபேனைத் தாழ்த்தி, கீழ்ப்பக்கம் காற்றுப் படும்படி சாய்த்து வையுங்கள். எதிரெதிரான இரண்டு யன்னல்களைக் கையகலம் திறந்து விடுங்கள். அறையை இறுக மூடி ஃபேனை மட்டும் போட்டால் உடுப்பிலிருந்து போன ஈரம் அறைக்குள்ளேயே சுற்றி, சுவரிலும் மெத்தையிலும் போய் உட்காரும். ஏசி இருந்தால் கதையே வேறு: யன்னல்களை மூடி 'ட்ரை' என்கிற துளிப்படம் போட்ட நிலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டால் ஈரம் குழாய் வழியே வெளியே சொட்டிப் போய்விடும். அந்தச் சொட்டு விழுகிற வாளியை மறக்க வேண்டாம், நுளம்புக்கு அது நல்ல தொட்டில்.

காய்ந்த உடுப்பில் ஒரு புளித்த மணம் வந்தால், அது நெடுநேரம் ஈரமாகக் கிடந்த துணியில் பக்டீரியா பெருகியதன் மணம். சவர்க்காரத்தூளைக் கூட்டினால் போகாது, கூடும். அலசுப்படாத தூள் நூலில் ஒட்டி அதுகளுக்குச் சாப்பாடாகிறது. தூளைப் பாதியாகக் குறைத்து, பருத்தித் துவாய்களை 60 பாகைச் சுடுதண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, கடைசி அலசலில் அரைக் கப் வெள்ளை வினாகிரி விடுங்கள். அந்த வினாகிரியை ப்ளீச்சோடு ஒருநாளும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். பிள்ளையின் துவாய்க்கும் துணி நாப்பிக்கும் மணமூட்டுகிற சொஃப்ட்னர் வேண்டாம். நூலில் மெழுகுபோலப் படிந்து, தண்ணீரை உறிஞ்சவே விடாது.

இஸ்திரி போட்ட சூட்டோடு மடித்து அலுமாரிக்குள் அடுக்குவதும் பிழை. சூட்டில் எழும்பிய நீராவி மடிப்புக்குள் நின்றுவிடும். அரை மணித்தியாலம் தொங்கவிட்டு அடுக்குங்கள். அலுமாரியும் பிள்ளையின் கட்டிலும் வெளிச்சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மெத்தையை டைல்ஸ் நிலத்தில் நேரே விரித்துப் படுக்கிற வீடுகளில் அதைக் காலையில் கட்டாயம் நிமிர்த்தி வைக்க வேண்டும். உடம்புச் சூடும் நிலத்துக் குளிர்மையும் சந்திக்கிற அடிப்பக்கத்தில்தான் கறுப்புப் புள்ளி முதலில் விழும்.

உடுப்பாட்டுவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு பருத்திச் சட்டை போதும். இரவில் ஏசியை 26இல் விட்டால் முழுக்கைச் சட்டையும் மெல்லிய போர்வையும். பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று பார்க்கக் கையையும் காலையும் தொடாதீர்கள், அவை எப்போதும் குளிர்ந்தே இருக்கும். பிடரியில் விரலை வையுங்கள். அங்கே வேர்வை பிசுபிசுத்தால் போட்டது கூடிப்போய்விட்டது. கம்பளித் தொப்பி மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியக் கோயிலுக்குத் தூக்கிப் போகும்போது மட்டும் போடட்டும். படுக்கையில் வேண்டாம். கைக்குழந்தையின் சூடு தலைவழியாகத்தான் நிறையப் போகிறது, அதை மூடினால் உடம்பு சூடேறிப்போகும். அதோடு தொப்பி நழுவி மூக்கை மூடவும் கூடும்.

குளிப்பாட்டு காலை பத்து, பதினொரு மணிக்கு. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். சுடுதண்ணீரை முதலில் விட்டுவிட்டு மற்றதை எடுக்கத் திரும்புகிற அந்த ஒரு நொடியில்தான் தவழ்கிற பிள்ளை வாளியைப் பிடித்து எழும்பும். குசினியில் கொதிக்கவைத்த கேத்தலைத் தூக்கிக்கொண்டு பிள்ளை விளையாடுகிற ஹோலைக் கடப்பதும் அதே ஆபத்துத்தான்.

தடிமனுக்கு வருவோம். மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பது நம்மவருக்குப் பழகிய வைத்தியம். சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். கொதிதண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்துபோகிற ஆபத்து, கிடைக்கிற சுகத்தைவிடப் பெரிது. பாமசியில் விற்கிற உப்புநீர்ச் சொட்டு, மூக்குக்கு ஒன்றிரண்டு துளி, பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னர் விட்டால் அடைப்பு இளகிப் பிள்ளை ஒழுங்காகக் குடிக்கும். கர்ப்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பூச வேண்டாம். பூசைக்கு வைத்திருக்கிற கர்ப்பூர வில்லையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். இனிப்பென்று நினைத்து ஒன்றை விழுங்கினாலே வலிப்பு வரலாம்.

கொத்தமல்லித் தண்ணி ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நல்லது, ஆனால் பெரியவர்களுக்குக் காய்ச்சுகிற கடுப்பில் இல்லை. ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியை வெறுஞ்சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டி, சுண்டுவிரல் நகமளவு வேர்க்கொம்பு சேர்த்து, மூன்று கப் தண்ணீரை இரண்டாக வற்றவிடுங்கள். கறுத்துவிட்டால் கசக்கும், பிள்ளை வாயே திறக்காது. வடித்து, அதில் கால் கப் போதும். இனிப்புக்குப் பனங்கட்டி ஒரு துண்டு. தேன் ஒரு வயதுக்குக் கீழே கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்வித்துகள் குழந்தையின் குடலில் நச்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாகாது.

காய்ச்சலென்றால் கொழும்பில் முதலில் நினைக்க வேண்டியது டெங்கு. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பிடித்தது. பனடோலை வயதைப் பார்த்துக் கொடுக்காமல் நிறையைப் பார்த்துக் கொடுங்கள்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்று எழுதிய சிரப் என்றால் ஏழரை மில்லிலீற்றர். வேறு செறிவிலும் போத்தல்கள் உண்டு, லேபலை வாசித்துவிட்டு அளவுங்கள். இபுபுரோஃபன், அஸ்பிரின் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தம் எடுத்து எஃப்பிசி (முழு இரத்தக் கலங்களின் எண்ணிக்கை) பார்த்தாக வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே என்றால் முதல் நாளே டொக்டரிடம். காய்ச்சல் விட்டதும் 'சுகமாகிவிட்டது' என்று மூச்சுவிடுகிறோமே, டெங்கில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, வயிறு நொந்தாலோ, சத்தி எடுத்தாலோ, சலம் போவது குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். குடிக்க இளநீர், ஜீவனி (பாமசியில் விற்கிற உப்புச்சர்க்கரைக் கரைசல்), கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். சத்தியில் வருவது இரத்தமா பானமா என்று பிரித்தறிய முடியாது.

இந்த நுளம்பு பகலில் கடிக்கிறது, காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. அதனால் பிள்ளையின் பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு கிழமைக்குச் சற்றுக் கூட எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருநாள் சுற்றிப் பார்த்தால் சங்கிலி அறுந்துவிடும். பூச்சட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, ஏசி வாளி, பாவிக்காத குளியலறையின் தரைத்துவாரம், மணிபிளான்ட் போத்தல். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை காய்ந்த விளிம்பில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

சரி, மழை விடவில்லை, மணி நான்கு, பிள்ளை யன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறது. உடுப்பெடுத்த கொடிமேல் ஒரு பெட்சீட்டைப் போட்டுவிட்டால் வீடு தயார். அதற்குள் அரை மணித்தியாலம் ஓடும். அதற்குப் பிறகு கொழுக்கட்டை.

பயறு அரைக் கப், மணம் வர வறுத்து, கோது நீக்கி, விரலால் நசுக்கினால் நசுங்குகிற ஆனால் குழையாத பதத்தில் அவித்து வடித்து, துணியில் பரவி ஈரம் போக்குங்கள். ஒரு கப் தேங்காய்ப்பூ, முக்கால் கப் சீவிய சர்க்கரை, ஏலக்காய் இரண்டு. சர்க்கரையைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். முன்னரே போட்டால் தண்ணீர் விட்டு, உள்ளீடு கொழுக்கட்டையின் வயிற்றைப் பிளந்துகொண்டு வரும். மாவுக்கு வறுத்த சிவப்பரிசி மா இரண்டு கப், உப்பு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் ஒன்றே கால் கப்பிலிருந்து ஒன்றரைக் கப் வரை. தண்ணீர் குமிழியிட்டுக் கொதிக்கிறபோதே ஊற்றி அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். கொதி தணிந்த தண்ணீரில் மா வேகாது, ஒட்டும் பிடிக்காது, தட்டும்போது ஓரம் வெடிக்கும். கை பொறுக்கிற சூடு வந்ததும் பெரியவர் ஒருவர் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைக்கட்டும். காதுமடலைத் தொட்டுப் பாருங்கள், மா அந்த மென்மைக்கு வர வேண்டும்.

பிள்ளையின் வேலை இங்கேதான். உள்ளங்கையில் ஒரு துளி நல்லெண்ணெய் தடவி, தேசிக்காயளவு உருண்டை கொடுங்கள். மூன்று வயதுக்காரர் பெருவிரலால் நடுவில் குழி அமத்துவார். உள்ளீடு பாதி மாவிலும் பாதி வாயிலும் போகும். ஓரத்தைப் பூட்டப் பெரியவர் உதவ வேண்டும், பல்லு வைப்பதுபோல நுள்ளி நுள்ளி. முதல் பல்லு முளைக்கும்போது கொட்டுகிற பல்லுக்கொழுக்கட்டையில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்துவது வழக்கம். ஆனால் சாப்பிடக் கொடுக்கும்போது அந்தச் சொட்டைக் கழற்றிவிடுங்கள், தொண்டையில் சிக்கும். நீராவி நன்றாகக் கிளம்பிய பிறகே தட்டை வைத்து, 12 நிமிடம். மூடிக்கு ஒரு துணி கட்டினால் மேலே சேருகிற தண்ணீர் சொட்டிக் கொழுக்கட்டை பிசுபிசுக்காது.

பிள்ளை பிடித்தது தனியாக ஒரு தட்டில் வேகட்டும். அது பெரும்பாலும் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சர்க்கரையில் நனைத்துவிடும். எடுத்ததும் உள்ளே இருக்கிற சர்க்கரை வெளி மாவைவிடப் பொல்லாத சூடு. இரண்டாகப் பிட்டுப் பத்து நிமிடம் ஆறவிட்டே கையில் கொடுங்கள். மிஞ்சினதைத் தேங்காய்ப்பூ இருப்பதால் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ஐந்து நிமிடம் மறுபடி ஆவியில் விட்டால் பழைய மென்மைக்கு வந்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் றப்பர் மாதிரி இறுகும்.