சாமி கண்ணைக் குத்துமா?

சின்ன வயதில் பொய் சொன்னால் அம்மா மிரட்டுவாள்: "சாமி கண்ணைக் குத்தும்." ஐம்பத்தாறு வயதில் அதே பேச்சை என் பிரதோஷத் தோழி வாயால் கேட்டேன். அதுவும் கோயில் பிரகாரத்திலேயே, கையில் வில்வத்தோடு. "ஏதாவது வேண்டுதல் பாக்கி வெச்சிருப்பீங்கக்கா. நல்லா யோசிச்சுப் பாருங்க. சும்மாவா சாமி கண்ணைக் குத்தும்?"

என் வீட்டுக்காரருக்குப் பார்வை போய் அப்போது எட்டு மாதம். தையல்காரர். ஊசியில் நூல் கோத்தே காலம் போனவர். சர்க்கரை விழித்திரையில் வேலையைக் காட்டிவிட்டது. லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், ஒரு ஆபரேஷனும் ஆயிற்று. வலது கண் முழு இருட்டு. இடது கண்ணில் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். மிஷின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருக்கிறேன்.

சாமியே இல்லை என்கிற சிநேகிதியும் எனக்கு உண்டு. "நீ ஏத்தின விளக்கு எண்ணெய்க்கு ஒரு செக்கே வெச்சிருக்கலாம்டி, என்ன கிடைச்சுது?" என்பாள். கோபம் வரும். ஆனால் செக்கப் நாளில் ஆட்டோ பிடித்துக் கூட வருவதும் அவள்தான். அதனால் அது மனசில் தங்காது. பிரதோஷக்காரி சொன்னதுதான் தூங்க விடவில்லை. ராத்திரியில் கணக்குப் பார்த்தேன். திருத்தணிக்கு மொட்டை, 2009-லேயே முடிந்தது. சமயபுரத்துக்குப் புடவை, சாத்தியாச்சு. எங்கேயோ ஒரு தேங்காய் விட்டுப் போயிற்றோ?

"பூண்டிக்குப் போய் வரலாம்" என்றது அவர்தான்.

வில்லிவாக்கத்திலிருந்து திருவள்ளூர் வரை மின்சார ரயில். அங்கிருந்து பஸ். ஊன்றீஸ்வரர் கோயில், பூண்டி ஏரிக்குப் பக்கத்தில். 1944-ல் கொசஸ்தலை ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது, திருவெண்பாக்கம் என்று பாடல் பெற்ற பழைய கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. சாமியை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வீடு முழுகி இடம் மாறி வந்த சாமி. பட்டணத்தில் நாங்கள் குடத்தில் பிடிக்கிற தண்ணீருக்கு அவர் இடம் விட்டிருக்கிறார் என்று நினைத்தபோதே ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

இந்தக் கோயிலின் கதை தெரிந்திருக்கும். திருவொற்றியூரில் சங்கிலி நாச்சியாரை "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சத்தியம் செய்து மணந்தார், தேவாரம் பாடிய சுந்தரர். சத்தியத்திலும் ஒரு தந்திரம் பண்ணினார். "நான் சன்னதியில் சத்தியம் பண்ணும்போது நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு" என்று சிவனிடமே பேசி வைத்தார். சிவன் என்ன செய்தார்? "மகிழ மரத்தடியில் வைத்துச் சத்தியம் வாங்கு" என்று சங்கிலியார் பக்கம் சொல்லிவிட்டார்! பிறகு திருவாரூர் நினைவு வந்து சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. அம்மா சொன்ன அதே கண்குத்தல்தான்.

தட்டுத் தடுமாறி வெண்பாக்கம் வந்து, "கோயிலுக்குள்ளே இருக்கிறீரா?" என்று கேட்டார். சிவன் அவருக்குத் தோழனாயிற்றே, ஓடி வந்து கையைப் பிடிக்க வேண்டாமா? உள்ளேயிருந்து வந்த பதில் இரண்டே வார்த்தை: "உளோம், போகீர்." இருக்கிறோம், நீர் போய்வாரும். கூடவே ஒரு ஊன்றுகோல். அவ்வளவுதான். கோபத்தில் சுந்தரர் அதை வீசி எறிந்ததில் நந்தியின் கொம்பு உடைந்தது என்பது தலபுராணம்.

அந்த நந்தியை நேரில் பார்த்தேன். ஒரு கொம்பு முழுசாக, இன்னொன்று மொட்டையாக. சுந்தரரும் தடியோடு நிற்கிறார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார் இவர். பார்ப்பதையெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது. "சட்டையில ஒரு பொத்தான் அறுந்து போனா எப்படி இருக்கும், அந்த மாதிரி" என்றேன். சிரித்தார். ரொம்ப நாள் கழித்து.

குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை செய்தார். தீபாராதனைத் தட்டு உயர்ந்தபோது இவர் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வெளிச்சத்தைத் தேடினார். அம்பாளுக்கு இங்கே மின்னொளி என்று பெயர். தடியோடு போன சுந்தரருக்கு மின்னல் வெட்டி வழி காட்டினாளாம். தட்டு கீழே இறங்கிய பிறகும் இவர் முகம் அங்கேயே நின்றது.

வெளியே திண்ணையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். எனக்குள் ஒரே யோசனை. சுந்தரர் செய்தது தப்புதான், அவரே மறைக்கவில்லை. இந்த ஊர்ப் பதிகத்தை ஆரம்பிப்பதே, 'பிழை இருந்தாலும் பொறுப்பீர் என்று நம்பித்தானே பிழை செய்தேன்' என்று. ஒப்புக்கொள்கிறாரா, பழியைத் திருப்பிச் சாமி தலையிலேயே கட்டுகிறாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என்ன வேண்டுதல் பாக்கி என்று சுந்தரர் நோட்டுப் புத்தகம் புரட்டவில்லை. சண்டை போட்டார். சண்டை போட்டுக்கொண்டே அந்தத் தடியை ஊன்றி நடந்தார். காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் இடது கண்ணைக் கொடுத்தார். வலது கண்ணுக்குத் திருவாரூர் வரை போக வேண்டியிருந்தது. அங்கே பாடினதுதான் 'வாழ்ந்து போதீரே'. எங்கள் தெருவில் வயிறெரிந்து "நீ நல்லா இரும்மா!" என்று சொல்வோமே, அதே தொனி. சாமியைப் பார்த்து!

பிரதோஷக்காரிக்கு இதைச் சொன்னால் என்ன சொல்வாளோ. சொல்லப் போவதில்லை. அடுத்த பிரதோஷத்துக்கு அவளுக்கும் சேர்த்து வில்வம் வாங்கிப் போவேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைத் தடி ஒன்று வாங்கச் சொல்லி நான்கு மாதமாகிறது. மடக்குகிற மாதிரி. பேச்செடுத்தாலே இவருக்கு முகம் சுருங்கும். "குருடன்னு போர்டு மாட்டிக்கணுமா?" என்பார். அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் என் தோளைப் பிடித்து நின்றவர், யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்:

"ஏம்மா, அந்தத் தடி என்ன விலை சொன்னாங்க?"

"கேக்கணும். எதுக்கு?"

"இல்ல, கோவம் வந்தா வீசி எறியறதுக்காவது கையில ஒண்ணு இருக்கணும்ல."

திருவள்ளூர் பஸ் வந்தது. படி எவ்வளவு உயரம் என்று சொன்னேன். ஏறினார்.