177 ரூபாய்

"தம்பி, இது என்ன வரின்னு கொஞ்சம் பாரு."

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் இட்லி விற்கும் அக்கா, சட்னிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பாஸ்புக்கை நீட்டினார்.

பாதிப் பக்கத்தில் மங்கலாக ஒரு வரி. 177 ரூபாய் பிடித்தம். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு 150, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27. அதாவது காசு இல்லாததற்கு அபராதம், அந்த அபராதத்துக்கு ஒரு வரி!

படித்துச் சொன்னேன். "காசு இருந்தா நான் ஏன் எடுக்கப்போறேன்?" என்றார்.

இட்லி தொண்டையில் இறங்கவில்லை. 2014-15இலிருந்து ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் ஏட்டிலிருந்து நீக்கிய கடன் 14.56 லட்சம் கோடி என்று 2023இல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் ஏறக்குறைய பாதி பெரிய தொழில், சேவை நிறுவனங்கள் வாங்கியது. நீக்கியது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்பார்கள், சட்டப்படி அது சரிதான். ஆனால் வங்கியில் விழுந்த ஓட்டையை அடைக்க 2017இல் 2.11 லட்சம் கோடிக்குத் திட்டம் போட்டார்களே, அதில் நம் வரிப்பணம் இல்லையா? அப்புறம், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தர வைத்திருந்த தேர்தல் பத்திரம். எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று தெரிந்துகொள்ளவே 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை. இட்லிக்குக் கூட்டம் காத்து நின்றது.

பாஸ்புக்கை மாவுச் சட்டிக்கு அடியில் செருகிவிட்டு, "சாம்பார் ஊத்தவா?" என்றார்.