மலைக்கு மேலே வேலை, கீழே வீடு: பிள்ளைப்பேற்று உதவிப் பணம் வாங்கும் வழி

கம்பம், கூடலூர், போடிப் பக்கத்தில் ஒரே குடும்பத்துக்குத் தமிழ்நாடு, கேரளம் என்று இரண்டு மாநிலத்திலும் காகிதம் இருக்கும். காலையில் ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் இறங்குகிறவர்கள் ஒரு வகை. வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறவர்கள் இன்னொரு வகை. எங்கள் கைக்கு வந்த, பணம் வராமல் நின்ற மனுக்களில் பலவும் தகுதி இல்லாமல் நின்றவை அல்ல. எந்த மாநிலத்தில் பதிவு என்பதை முதல் மூன்று மாதத்துக்குள் முடிவு செய்யாததால் நின்றவை.

கீழே, தமிழ்நாட்டில் குடியிருக்கிறவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. ஏழைக் குடும்பமாக இருக்க வேண்டும், தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் உண்டு. பணம் மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தை பிறந்த நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. நாள் தள்ளியதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, தாய்க்கும் குழந்தைக்குமான அரசுப் பதிவு எண்ணான 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை வாங்கிவிடுங்கள். பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி எல்லாம் அந்த எண்ணில்தான் ஏறும். பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். மேலே தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டுக் கீழே சொல்லாமல் விட்டால், கணினியில் ஊசி போடாத குழந்தையாகவே இருக்கும், தவணை நிற்கும். போட்ட ஊசிக்குத் தேதியும் கையெழுத்தும் வாங்கி, அடுத்த முறை இறங்கும்போது செவிலியரிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள்.

மேலே, கேரளத்தில் குடியிருக்கிறவர்கள் அங்கன்வாடி டீச்சரிடம் மத்திய அரசின் மகப்பேறு உதவியான பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்துக்கு எழுதலாம். முதல் குழந்தைக்கு 3,000, 2,000 என்று இரண்டு தவணையில் 5,000. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் ஒரே தவணையில் 6,000. குழந்தை பிறந்து 270 நாளுக்குள் மனு போயாக வேண்டும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் முத்துலட்சுமி ரெட்டி உதவியோடு சேர்ந்தே நடக்கிறது. ஆகவே இரண்டு பக்கமும் எழுதி வைப்பது இரட்டை லாபம் ஆகாது. ஒரே ஆதார் எண் இரண்டு இடத்தில் விழுந்து இரண்டும் சிக்கும். தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய உரிமை ஒன்று உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. சட்டப்படி இதைப் பெறுகிறவருக்கு அந்த 5,000 கிடைக்காமல் போகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், விடுப்புச் சம்பளம்தான் பல மடங்கு. சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது வங்கியில். பாஸ்புக் நகல் எந்தக் கணக்குக்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பார்த்துப் பணம் வருவதில்லை; ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அங்கே போகும். ஆதார் நகலை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, மானியப் பணம் வாங்க இணைப்பது வேறு. தோட்டத்துச் சம்பளத்துக்காக மேலே ஒரு கணக்கு, கீழே ஊரில் ஒரு கணக்கு என்று வைத்திருக்கும் பெண்கள், வராத பணத்துக்கு ஆறு மாதம் அலைந்திருக்கிறார்கள். பணம் எடுக்கப்படாமல், ஆதாரோடு இணைந்த மற்றக் கணக்கில் கிடக்கும். போனில் *99*99*1# அடித்து ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று காட்டும். மனுப் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கணக்கே செத்துப் போயிருந்தால் தபால்காரரிடம் சொல்லி இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் திறந்து, அதையே ஆதாரோடு இணைக்கச் சொல்வது சுலபம். ஆதாரில் உள்ள போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கேரள சிம்மைத் தூக்கிப் போட்டவர்களுக்கு ஓ.டி.பி. வராது.

குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பிறப்புப் பதிவு. வீடு குமுளியில் இருந்தாலும் தேனி மருத்துவக் கல்லூரியில் பிறந்தால் தமிழ்நாட்டுச் சான்றிதழ்தான். மலைச்சாலையில் வண்டியிலேயே பிறந்துவிட்டால், வண்டி முதலில் நிற்கும் ஊரில் பதிய வேண்டும். 21 நாளுக்குள் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு என்று வேலை ஏறிக்கொண்டே போகும். குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். தகப்பன் பெயரில்தான் தகராறு வரும்: கீழே இனிஷியலோடு 'மு. முருகன்', மேலே ஆதாரில் 'முருகன் முத்தையா'. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே இருவரின் ஆதார் நகலையும் கொடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

பெண் குழந்தை மட்டும் உள்ள வீட்டுக்கு முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். ஒரு பெண் என்றால் 50,000, இரண்டு என்றால் ஆளுக்கு 25,000 வைப்பு. 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், பெற்றோரில் ஒருவர் 40 வயதுக்குள் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும், ஆண் குழந்தை இருக்கக்கூடாது. ஒரே பெண் என்றால் அவளுக்கு 3 வயது ஆவதற்குள், இரண்டு பெண் என்றால் இளையவளுக்கு 3 வயது ஆவதற்குள் இ-சேவையில் மனு. நம் ஆட்களுக்குக் கடினமான நிபந்தனை, தமிழ்நாட்டில் 10 வருடக் குடியிருப்பு. பெற்றோருக்கு இல்லாவிட்டாலும் தாத்தா பாட்டிக்கு இருந்தால் ஏற்பார்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல், ஆனால் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள். அறுவை சிகிச்சை கேரளத்தில் நடந்திருந்தால், மலையாளத்தில் மட்டும் உள்ள சான்று வாங்காமல், வயதும் தேதியும் தெளிவாக உள்ள ஆங்கிலச் சான்றாகக் கேட்டு வாங்குங்கள்.

தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா உதவி மாதம் 4,000. கிராமத்தில் குடும்ப வருட வருமானம் 72,000, மற்ற ஊர்களில் 96,000 வரை. குழந்தை குடியிருக்கும் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். தேனி என்றால் தேனி, இடுக்கி என்றால் இடுக்கி. இறப்புச் சான்று, குழந்தையின் ஆதார், பள்ளிச் சான்று, வருமானச் சான்று கையில் இருக்கட்டும். மேலே, கேரளப் பள்ளியில் படிக்கிற இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கேரள அரசின் ஸ்நேகபூர்வம் உதவி தனியாக உண்டு. அதற்குப் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான் எழுத வேண்டும்.