ஒன்பதாம் வகுப்பில் போய்த் தெரிந்துகொண்டோம்

மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது கணக்கு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவனை ஒருதரம் எங்கேயாவது காட்டுங்கம்மா" என்றார். மார்க் குறையவில்லை. நாலு பேரோடு சேர்ந்து செய்யும் வேலை என்றால் ஒதுங்கிவிடுகிறான், கிண்டல் செய்தால் கிண்டல் என்றே புரியவில்லை என்பதுதான் அவர் கவலை. இது ஆட்டிசம் (மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் வேறுபாடு; மற்றவர்களோடு பழகுவது சிரமமாக இருக்கும்) என்று அப்போது தெரியாது. வீட்டில் எங்களுக்கு இதெல்லாம் பழகிப் போயிருந்தது. அடுப்பில் குக்கர் ஏறினாலே மொட்டைமாடிக்குப் போய்விடுவான். மூணு விசிலும் முடிந்ததும் நான் கூப்பிடுவேன்.

முதலில் போன ஒரு தனியார் கிளினிக்கில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஒரே பிள்ளை, செல்லம் ஜாஸ்தி, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனத்துக்குப் போனோம். அங்கே என்னிடம் கேட்டதெல்லாம் பழைய கதை. எப்போது பேசினான், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டினானா, பொம்மையை வைத்து எப்படி விளையாடினான்? எனக்குப் பாதி மறந்துவிட்டது. நல்லவேளையாக எல்கேஜி ரிப்போர்ட் கார்டை எடுத்துப் போயிருந்தேன். 'பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை' என்று அதில் மிஸ் எழுதியிருந்தார். பத்து வருஷமாக பீரோவில் கிடந்த வரி. வளர்ந்த பிள்ளையோடு போகிறவர்கள் பழைய ரிப்போர்ட் கார்டு, பிள்ளை சின்ன வயசில் தெரியும் கல்யாண வீடியோ, எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள்.

ஆட்டிசத்துக்கு நம் நாட்டில் ஐஎஸ்ஏஏ என்ற அளவுகோல் இருக்கிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. இவனுக்கு 91. ஐக்யூ சோதனை தனியாக நடந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு மருத்துவமனையின் மெடிக்கல் போர்டில் (டாக்டர்கள் குழுவில்) மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிவிட்டால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்கலாம். அதற்கு அலைச்சல் உண்டு. பத்தாம் வகுப்பு தொடங்குமுன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக்குக்கு அவனை 'சும்மா செக்கப்' என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். வெளியே வந்ததும், "என்னைப் பத்தி என் முன்னாடியே பேசறீங்க. என்கிட்ட ஏன் யாருமே கேக்கல?" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை. முட்டுக்காட்டுக்கு முந்தின நாள் ராத்திரி உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அங்கிருந்த உளவியலாளர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனோடு ஒரு மணி நேரம் பேசினார்.

அவரிடம்தான் அவன் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறான்: வகுப்பில் தலைக்கு மேலே இருக்கும் ட்யூப்லைட் நாள் முழுக்க ரீங்காரம் போடுகிறது, அதில் டீச்சர் பேசுவது காதிலேயே விழுவதில்லை என்று. ரிப்போர்ட் கைக்கு வருவதற்கு முன்பே பள்ளிக்குப் போய் இடத்தை மாற்றித் தரச் சொன்னேன். ஜன்னலோரம், இரண்டாவது பெஞ்ச். அவன் கேட்ட இடம்.